பாரத்தைக் கையில் கொடுப்பதற்கு முன்: பயிற்றுநராக விரும்பும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தனிப்பயிற்றுநராக வேலை செய்ய விரும்புபவர்கள் உடற்றொழிலியலிலும் போசணையிலும் தங்களுக்குள்ள ஐயங்களை எழுதியனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் பல ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. எந்த உடற்பயிற்சி சிறந்தது என்று கேட்டவர்களைவிட, உடம்பு எப்படி வேலை செய்கிறது என்று கேட்டவர்களே அதிகம் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் உயிரியல் படித்துவிட்டு இப்போது ஒரு ஜிம்மில் உதவியாளராக நிற்கிறேன். பயிற்சி செய்த மறுநாள் உடம்பு நோகிறது என்று வருபவர்களிடம், தசைக்குள் இலற்றிக்கமிலம் தேங்கிவிட்டது, இன்னும் கடுமையாகச் செய்து வியர்க்கவைத்தால் அது கரைந்துவிடும் என்று எங்கள் மூத்த பயிற்றுநர் சொல்கிறார். இது சரியா? (கொக்குவில்)

பதில்: சரியல்ல. ஆனால் உங்கள் மூத்த பயிற்றுநரை மட்டும் குறைசொல்லவும் முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தவளைத் தசைகளை வைத்துச் செய்த ஆய்வுகளிலிருந்து கிளம்பிய இந்த எண்ணம் நூறாண்டு கடந்தும் ஜிம்களில் உலாவுகிறது. தசையின் வெப்பத்தையும் இலற்றிக்கமிலத்தையும் ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் ஹில், ஒட்டோ மேயர்ஹொவ் ஆகிய இருவருக்கும் 1922 ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அவர்களுடைய உழைப்பு பெரியது. பிற்கால ஆய்வுகள் அந்தப் படத்தைத் திருத்தின என்பதைத்தான் நாம் படிக்காமல் விட்டுவிட்டோம்.

தசை சுருங்கும்போது நேரடியாகச் செலவாகும் பொருள், கலங்களில் சக்தியைத் தாங்கும் மூலக்கூறான ஏ.ரி.பி ஒன்றுதான். அதன் இருப்பு சில செக்கன்களுக்கே போதும் என்பதால், செலவாகச் செலவாக அதை உடம்பு மீண்டும் ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கரப்பந்தாட்டத்தில் வலைக்கு மேலே பாய்ந்து அடிக்கிற அந்தக் கணத்துக்கு, தசையிலுள்ள பொஸ்போகிரியேற்றின் என்ற விரைவுச் சக்திச் சேமிப்பு உடனே கைகொடுக்கிறது. முழுவேகத்தில் இயங்கினால் அது ஏறக்குறைய 10 செக்கன்களில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். 400 மீற்றர் ஓட்டத்தில், தசையில் சேமித்திருக்கும் கிளைக்கோசன் என்ற காபோவைதரேற்றை ஒட்சிசனுக்குக் காத்திராமல் விரைவாக உடைக்கும் வழியே முன்னிற்கிறது. இலற்றேற்று, அதாவது இலற்றிக்கமிலம் உடம்புக்குள் இருக்கும் வடிவம், பெருமளவில் உண்டாவது இங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் சைக்கிள் மிதிப்பவரின் தசையோ காபோவைதரேற்றையும் கொழுப்பையும் ஒட்சிசனோடு எரித்து மெதுவாகவும் நீண்ட நேரத்துக்கும் சக்தி பெறுகிறது. இந்த மூன்று வழிகளும் ஒன்று முடிந்த பின் மற்றது தொடங்குபவை அல்ல. மூன்றும் எப்போதும் ஒன்றாகவே வேலை செய்கின்றன. முயற்சியின் வேகத்தையும் நீளத்தையும் பொறுத்து ஒவ்வொன்றின் பங்கு மாறுகிறது. நம்முடைய கிளித்தட்டை நினைத்துப் பாருங்கள்: ஒரு கோட்டைத் தாண்டுகிற பாய்ச்சல் முதலாவது வழியில் நடக்கிறது, அடுத்த கோட்டின் முன் நின்று மூச்சு வாங்குகிற வேளையில் மூன்றாவது வழி அந்தச் செலவை ஈடுசெய்கிறது.

இது ஏட்டறிவு மாத்திரம் அல்ல. செலவான பொஸ்போகிரியேற்றினில் ஏறத்தாழப் பாதி அரை நிமிடத்திலும், மிகுதியில் பெரும்பகுதி 3 முதல் 5 நிமிடங்களுக்குள்ளும் மீள்கிறது. ஆகவே பெரிய பாரத்தை நான்கைந்து தடவை தூக்குபவருக்கு 2 நிமிடத்துக்கும் குறைவான ஓய்வு கொடுத்து அவசரப்படுத்தினால், அடுத்த சுற்றில் அவர் தளர்வதற்குக் காரணம் அவருடைய சோம்பல் அல்ல, உங்கள் மணிக்கூடுதான்.

இனி நோவுக்கு வருவோம். உண்டான இலற்றேற்றை இதயமும் மெதுவாகச் சுருங்கும் தசைநார்களும் எரிபொருளாகவே பயன்படுத்துகின்றன. ஈரல் அதை மீண்டும் குளுக்கோசாக மாற்றுகிறது. பயிற்சி முடிந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்துக்குள் குருதியில் அதன் அளவு பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மறுநாள் தொடங்கி இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சமடையும் நோவோ, பழக்கமில்லாத வேலையால், குறிப்பாகத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்கும் இறக்க அசைவுகளால், நுண்ணிய இழைகளில் ஏற்படும் சிதைவையும் அதைத் தொடரும் அழற்சியையும் சார்ந்தது. குந்தி எழும்பும் ஸ்குவாற்றுப் பயிற்சியில் எழும்புவதைவிடக் கீழிறங்குவதே மறுநாள் தொடையை அதிகம் நோகச் செய்கிறது. நோவோடு வருபவரை மேலும் வருத்தாதீர்கள். மெதுவாக நடக்கவிடுங்கள், அந்தத் தசைக்கு ஓரிரு நாள் இளைப்பாறுதல் கொடுங்கள், அடுத்த முறை அளவைக் குறைத்துத் தொடங்குங்கள். நோவு தாங்கமுடியாததாகி, தசை வீங்கி, சிறுநீர் தேயிலைச் சாயத்தின் நிறத்தில் போனால் அது தசை பெருமளவில் சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்கும் நிலையாக இருக்கலாம். அன்றே வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும். முதல் நாளிலேயே தம் திறமையைக் காட்டவேண்டும் என்று புதியவர்களைக் கசக்கிப் பிழியும் பயிற்றுநர்கள் இந்த ஆபத்தை அறிந்திருப்பதில்லை என்பது எனக்கு நெடுநாளாக உள்ள மனவருத்தம்.

கேள்வி: வயிற்றுக்கான பயிற்சிகளை நாளொன்றுக்கு 200 தடவை செய்தால் தொப்பை குறையுமா? (மானிப்பாய்)

பதில்: வயிற்றுத் தசை பலப்படும், அதற்கு மேலுள்ள கொழுப்பு அதனால் தனியாகக் கரையாது. கொழுப்புக் கலங்களிலிருந்து வெளிவரும் கொழுப்பமிலம் குருதி வழியாக உடம்பு முழுவதற்கும் போகிறதே தவிர, பக்கத்திலிருக்கும் தசைக்கு மட்டும் போவதில்லை. இடுப்பளவை நாடாவால் அளந்து குறித்து வையுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் எச்சரிக்கை எல்லைகள். நிறை காட்டும் தராசைவிட இந்த நாடா உங்களுக்கு அதிகம் உதவும்.

கேள்வி: எங்கள் சனசமூக நிலையத்து முற்றத்தில் காலையில் பதினைந்து பெண்களுக்குப் பயிற்சி நடத்துகிறேன். 220 இலிருந்து வயதைக் கழித்து வரும் இதயத்துடிப்பில் 70 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். ஒரு அம்மாவுக்கு எவ்வளவு நடந்தும் நாடி 100 ஐத் தாண்டுவதில்லை. ஆனால் அவர் களைத்துப் போகிறார். நான் என்ன செய்ய வேண்டும்? (பருத்தித்துறை)

பதில்: தங்கச்சி, நீங்கள் எண்ணைவிட ஆளைக் கவனித்திருக்கிறீர்கள், அது மிக நல்ல பழக்கம். அந்த அம்மாவிடம் முதலில் கேட்கவேண்டியது, குருதியமுக்கத்துக்கோ இதயத்துக்கோ குளிசை எடுக்கிறாரா என்பதுதான். அற்றெனலோல், பிசோப்புரலோல் போன்ற மருந்துகள் இதயத்துடிப்பு உயர்வதையே கட்டுப்படுத்துகின்றன. அவற்றை எடுப்பவருக்கு நாடிச் சூத்திரம் எதுவும் பொருந்தாது. அவரை 140 க்குக் கொண்டுவர முயல்வது ஆபத்தாக முடியலாம். குளிசை எதுவும் எடுக்கவில்லை என்றால், சிறிய வேலைக்கே களைப்பது ஏன் என்று வைத்தியர் பார்க்கட்டும். குருதிச்சோகையும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மருந்து எடுக்காதவர்களிலும் 220 கழித்தல் வயது என்பது சராசரியே. ஒரே வயதுள்ள இருவரின் உண்மையான உச்சத் துடிப்பு அந்த எண்ணிலிருந்து 10 அல்லது 12 துடிப்புகள் கூடியோ குறைந்தோ இருப்பது சாதாரணம். 2001 இல் வெளியான இன்னொரு சூத்திரம், 208 இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொல்கிறது. 65 வயதுடையவருக்கு முதலாவது 155 என்றும் இரண்டாவது 162 அல்லது 163 என்றும் காட்டும். முதியவர்களுக்கு இரண்டாவதே பெரும்பாலும் நெருங்கி வருகிறது. ஓய்விலுள்ள நாடியையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் நல்லது. 40 வயதுள்ள ஒருவரின் உச்சம் 180, ஓய்வு நாடி 70 என்றால் இடைவெளி 110. அதன் 40 சதவீதமான 44 ஐ 70 உடன் கூட்டினால் 114. மிதமான பயிற்சி அவருக்கு அங்கே தொடங்கி ஏறத்தாழ 135 வரை செல்கிறது.

ஆனால் பதினைந்து பேரின் நாடியை ஒரு முற்றத்தில் நின்று பிடித்துப் பார்க்க முடியாது. அதற்கு எளிய வழி கதைக்கவிடுவதே. முழு வசனம் கதைக்க முடிகிறது, ஆனால் பாடமுடியவில்லை என்றால் அது மிதமான அளவு. சில சொற்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் கடுமையான அளவு. வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், குறைந்தது இரண்டு நாள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020 இல் வெளியிட்ட வழிகாட்டல். நம்முடைய பெண்களின் குழுக்களில் இரண்டாவது பகுதி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. நடையோடு நிறுத்தாமல், கதிரையில் இருந்தெழும்புதல், சுவரைத் தள்ளும் தண்டால், தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குதல் ஆகியவற்றைச் சேருங்கள். தூக்கும்போது மூச்சை அடக்கவேண்டாம், முயற்சியின்போது மூச்சை வெளியே விடவேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். மூச்சை அடக்கித் தூக்கும் கணத்தில் குருதியமுக்கம் சடுதியாக ஏறுகிறது.

கேள்வி: சித்திரை, வைகாசி மாத வெயிலில் உதைபந்தாட்டக் கழகத்துப் பொடியன்களைப் பயிற்றுவிக்கிறேன். அதிகம் வியர்த்தால் அதிகம் கொழுப்புக் கரையும் என்று அவர்கள் பொலித்தீன் உடுப்புப் போட்டு ஓடுகிறார்கள். இளநீர் கொடுத்தால் போதுமா? (குருநகர்)

பதில்: அந்த உடுப்பை இன்றே கழற்றச் சொல்லுங்கள். வியர்வை நீர், கொழுப்பு அல்ல. உடம்பைக் குளிரச் செய்வது வியர்வை சிந்துவதல்ல, அது ஆவியாவதே. ஒரு லீற்றர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோகலோரி வெப்பம் உடம்பை விட்டு நீங்கும். பொலித்தீனுக்குள் அது ஆவியாக வழியில்லை. கடலோரத்தில் காற்று விழுந்து ஈரப்பதன் ஏறிய மாலைகளிலும் இதுதான் நடக்கிறது: வியர்வை சொட்டும், உடம்பு குளிராது. வெயிலுக்கு உடம்பு பழக 10 முதல் 14 நாள்கள் வேண்டும் என்பதால், நீண்ட விடுமுறைக்குப் பின் வந்தவர்களுக்கு முதல் நாள்களில் நேரத்தையும் வேகத்தையும் குறைத்துக் கொடுங்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் நீர். இளநீர் நல்லது, அதில் பொற்றாசியம் நிறைய உண்டு, ஆனால் வியர்வையில் அதிகம் போவது சோடியம், அது இளநீரில் குறைவு. உப்பிட்ட மோர், உப்பிட்ட கஞ்சி, அல்லது நீண்ட பயிற்சிக்குப் பின் ஜீவனி, அந்தக் குறையை ஈடுசெய்யும். தாகமின்றி லீற்றர் லீற்றராக வெறும் நீரைக் குடிப்பதும் குருதியில் சோடியத்தைத் தாழ்த்தி ஆபத்தாகலாம்.

ஒரு பொடியன் வெயிலில் குழம்பிக் கதைத்தால், தள்ளாடினால், அது வெப்பத்தாக்காக இருக்கலாம். ஓட்டோ பிடிக்க ஓடுவதற்கு முன், நிழலில் கிடத்தி, கிணற்று நீரை உடம்பு முழுவதும் ஊற்றி, விசிறுங்கள். குளிரச் செய்வது முதல், கொண்டுபோவது அடுத்தது.

கேள்வி: நல்லூர்க் கொடியேறினால் எங்கள் வீட்டில் 25 நாளும் சைவம். என்னிடம் பயிற்சி பெறுபவர்களிலும் பலர் அப்படித்தான். மீனும் முட்டையும் இல்லாமல் தசை குறையும் என்று பயந்து சிலர் அந்த மாதம் பயிற்சியையே நிறுத்துகிறார்கள். என்ன சொல்லலாம்? (கோண்டாவில்)

பதில்: தசையைக் குறைப்பது சைவம் அல்ல, பயிற்சியை நிறுத்துவதுதான். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். ஏனென்றால் நம் வீட்டுச் சாப்பாட்டைக் கணக்குப் பார்க்கத் தெரியாத பயிற்றுநர்தான் இறுதியில் புரத மாப் பேணியை விற்கத் தொடங்குகிறார்.

ஒரு கிராம் காபோவைதரேற்றும் ஒரு கிராம் புரதமும் தலா 4 கிலோகலோரி தருகின்றன. கொழுப்பு 9 தருகிறது. உடற்பயிற்சி செய்யாத வளர்ந்தவருக்கு உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.8 கிராம் புரதம் போதும் என்றும், பாரம் தூக்கித் தசை வளர்ப்பவருக்கு 1.6 கிராம் அளவில் பெரும்பயன் கிடைத்துவிடும் என்றும் கொள்ளலாம். ஆக 60 கிலோ நிறையுள்ள ஒருவர் பயிற்சி செய்தால், கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வீதம் நாளொன்றுக்கு 72 முதல் 96 கிராம் வரை போதுமானது.

அதைச் சைவச் சமையலில் தேடுவோம். காலையில் அவித்த பயறு 300 கிராம் எடுத்தால் ஏறக்குறைய 21 கிராம் புரதம். மதியம் 300 கிராம் சோற்றில் 7 அல்லது 8, கெட்டியாகச் சமைத்த மைசூர்ப் பருப்பு 200 கிராமில் 18, தயிர் ஒரு கிண்ணத்தில் 5. மாலையில் கோயிலால் வந்து சாப்பிடும் கடலைச் சுண்டல் 150 கிராமில் 13. இரவு இடியப்பத்திலோ புட்டிலோ 5, அதனோடு கறியாக்கிய சோயா மீற், காய்ந்த நிறையில் 30 கிராம் என்றால் 15. படுக்கும்முன் ஒரு கோப்பைப் பால் 6. கூட்டிப் பாருங்கள், 90 கிராம் வந்துவிட்டது. அரிசியில் குறைவான லைசின் என்ற அமினோவமிலம் பருப்பில் நிறைய இருக்கிறது. பருப்பில் குறைவான மெதியோனின் அரிசியில் இருக்கிறது. சோற்றோடு பருப்பைச் சேர்த்த நம் முன்னோருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது, ஆனால் அந்தச் சேர்க்கை சரியானது.

உண்மையான குறை வேறிடத்தில் இருக்கிறது. நம் வழக்கமான மதியக் கோப்பையில் சோறு மலையாகவும் பருப்பு இரண்டு கரண்டியாகவும் இருக்கிறது. இரவில் மூன்று நீத்துப் பெட்டிப் புட்டுக்குச் சொதியும் சம்பலும் மட்டும் தொட்டுக்கொள்ளப்படுகிறது. சோற்றை முற்றாக விலக்கச் சொல்லாதீர்கள், அது பயிற்சிக்கான கிளைக்கோசனைத் தருகிறது; அளவை மாற்றச் சொல்லுங்கள். முருங்கையிலை வறையையும் சேர்க்கச் சொல்லுங்கள், அதிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளத் தேசிக்காய்ப்புளி உதவும். அதே சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அந்த இரும்பு உறிஞ்சப்படுவது குறையும். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடிக்கலாம்.

முழு உபவாசம் இருப்பவர்களுக்கு அந்த நாளில் கடும்பயிற்சி வேண்டாம். நடையும் மெல்லிய நீட்டல்களும் போதும்.

கேள்வி: 52 வயதான, நீரிழிவுள்ள ஒருவர் என்னிடம் தனிப்பயிற்சி கேட்கிறார். ஏற்றுக்கொள்ளலாமா? (சாவகச்சேரி)

பதில்: ஏற்றுக்கொள்ளலாம்; ஆனால் அவருடைய வைத்தியரின் சம்மதத்தைப் பெற்று, என்ன மருந்து எடுக்கிறார் என்பதை எழுதி வைத்த பிறகு.

இதை நான் அனுபவத்தால் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னர் என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒருவர், காலையில் இன்சுலின் ஊசி போட்டுவிட்டு, பிந்திவிடும் என்ற அவசரத்தில் சாப்பிடாமலே வந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவில்லை. இருபது நிமிடத்துக்குள் கை நடுங்கி, உடம்பு குளிர்ந்து வியர்த்து, சொல் குழறியது. பக்கத்துக் கடையில் சீனி கரைத்து வாங்கிக் கொடுத்ததும் தெளிந்தார். அன்றிலிருந்து அந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் நான் எவரையும் பயிற்சியில் இறக்கியதில்லை.

தசை சுருங்கும்போது இன்சுலின் இல்லாமலே குருதியிலுள்ள குளுக்கோசை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீரிழிவுக்கு உடற்பயிற்சி மருந்தாவது இதனால்தான்; இன்சுலினோ கிளிகிளசைட் போன்ற குளிசையோ எடுப்பவருக்குச் சீனி சடுதியாக இறங்குவதும் இதனால்தான். மெற்போமின் மட்டும் எடுப்பவருக்கு அந்த ஆபத்து குறைவு. சீனியை இறக்கும் மருந்து எடுப்பவரின் குருதிச் சீனி அளவு பயிற்சிக்கு முன் டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் 15 முதல் 30 கிராம் காபோவைதரேற்றுச் சாப்பிட்ட பின் தொடங்கலாம். ஒரு நடுத்தரக் கதலி வாழைப்பழத்தில் கிட்டத்தட்ட அவ்வளவு கிடைக்கும். இடையில் 70 க்குக் கீழே போனால் நிறுத்தி, 3 அல்லது 4 தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். சீனி இறங்குவது பயிற்சி முடிந்து பல மணித்தியாலங்களுக்குப் பின் இரவிலும் நிகழலாம் என்பதை வீட்டாருக்கும் சொல்லுங்கள். பாதங்களையும் பாருங்கள். உணர்ச்சி குறைந்த காலில் சப்பாத்து உரசிய சிறு புண் பெரும்புண்ணாகும். நீரிழிவால் விழித்திரை பாதிக்கப்பட்டவருக்குக் கடும்பாரம் வேண்டாம். மருந்தின் அளவை மாற்றச் சொல்லும் உரிமை மட்டும் நமக்கு ஒருபோதும் இல்லை.

கேள்வி: கிரியேற்றின், புரத மா, தசை ஊசி, இவற்றைப் பற்றி என்ன சொல்வது? (சுன்னாகம்)

பதில்: மூன்றையும் ஒன்றாக வைத்துக் கேட்கக்கூடாது. புரத மா என்பது பாலிலிருந்து பிரித்த உணவு. சாப்பாட்டில் குறையுள்ளவருக்கு வசதி, மற்றவருக்குச் செலவு. கிரியேற்றின் மொனோஹைட்ரேற்று நாளொன்றுக்கு 3 முதல் 5 கிராம் எடுப்பது ஆரோக்கியமான வளர்ந்தவர்களில் நன்கு ஆராயப்பட்டது, பலத்தையும் ஓரளவு கூட்டும். குருதிப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேற்றினைன் என்ற கழிவுப்பொருளின் அளவு சற்று உயர்ந்து தெரியலாம் என்பதால் வைத்தியரிடம் சொல்லவேண்டும். சிறுநீரக நோயுள்ளவர்கள் இரண்டையும் வைத்தியரைக் கேட்காமல் தொடக்கூடாது. ஊசி என்று சொல்லப்படும் அனபோலிக் ஸ்டிரொயிட்டோ, விதைகள் தாமே ஓமோனைச் சுரப்பதை அடக்கி, விந்தணுவைக் குறைத்து, நல்ல கொலஸ்ரரோலைத் தாழ்த்தி, இதயத் தசையைத் தடிக்கச் செய்கிறது. போட்டிகளில் பங்குபற்றுபவருக்கு 2013 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்க ஊக்கமருந்து எதிர்ப்புச் சட்டமும் உண்டு. எங்கே வாங்கலாம் என்று உங்களிடம் கேட்பவருக்கு உதவாதீர்கள்.

கேள்வி: சான்றிதழ் இல்லாமல் தொடங்கலாமா? முதலில் எதைப் படிக்க வேண்டும்? (நெல்லியடி)

பதில்: அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி போன்ற அமைப்புகளின் பயிற்றுநர் சான்றிதழைப் பெற 18 வயதும், செய்முறையோடு கற்ற இதய மீளுயிர்ப்பு முதலுதவிச் சான்றிதழும் வேண்டும். தசைகளின் பெயர்களை மனனம் செய்யும் முன் அந்த முதலுதவியைக் கற்றுவிடுங்கள். மூச்சின்றி விழுந்தவரின் நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 சென்ரிமீற்றருக்குக் குறையாமல் அழுத்தவேண்டும் என்பதைக் கை பழகியிருக்க வேண்டும். வடக்கில் 2018 முதல் இயங்கும் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைப்பது யார், அழுத்துவது யார் என்பதையும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அந்த இலக்கத்தோடு உங்கள் கூடத்தின் முழு முகவரியையும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் ஒழுங்கையின் பெயர் நினைவுக்கு வராது.